மைனர் லீக் பிட்சரை எடைபோடுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

1960-இல் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் என்ற மைனர் லீக் பேஸ்பால் அணிக்காகப் பிட்சர் (பந்து எறிபவர்) ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி 170 இன்னிங்ஸ் வீசினார். 262 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், அதே 262 பேருக்கு வாக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அவரைவிட வேகமாகப் பந்தை எறிந்தவர் யாருமே இல்லை என்று அவரைப் பார்த்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இன்னொரு பக்கம், 2016-இல் சிகாகோ கப்ஸ் அணியின் கைல் ஹென்ட்ரிக்ஸ் மணிக்கு 87, 88 மைல் வேகத்தில் எறிந்துகொண்டே மேஜர் லீகிலேயே குறைந்த இ.ஆர்.ஏ.வை (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன் கணக்கு) எடுத்தார்: 2.13. அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எட்டாவது சுற்றில் எடுக்கப்பட்டவர் அவர்.

இந்த இருவரையும் வைத்துக்கொண்டு ‘வேகம் முக்கியமில்லை’ என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். வேகம் மிக முக்கியம். ஆனால் ஒரு இளம் பிட்சரைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘இவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறார்’ என்பதல்ல. ‘இவருக்கு இப்போது கிடைக்கும் அவுட் எப்படிக் கிடைக்கிறது? இதைவிடத் தேர்ந்த பேட்டர் எதிரே நின்றால் அது மறுபடி கிடைக்குமா?’ என்பதுதான். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகள்.

பேஸ்பாலுக்குப் புதியவர்களுக்குச் சுருக்கமாக: பிட்சர் 18.44 மீட்டர் தூரத்திலிருந்து எறிகிறார். குறித்த பகுதிக்குள் வரும் பந்தும், பேட்டர் சுழற்றித் தவறவிடும் பந்தும் ஸ்ட்ரைக்; அந்தப் பகுதிக்கு வெளியே வந்து பேட்டர் விட்டுவிடுவது பால். மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் பேட்டர் அவுட், அதுதான் ஸ்ட்ரைக்அவுட். மூன்று பேர் அவுட் ஆனால் பிட்சருக்கு ஒரு இன்னிங்ஸ் கணக்கு. நான்கு பால் சேர்ந்தால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம், அதுதான் வாக். மேஜர் லீகின் 30 அணிகளுக்கும் கீழே தலா நான்கு மைனர் லீக் அணிகள்: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ. 2021-இல் நடந்த மறுசீரமைப்புக்குப் பிறகு மொத்தம் 120 அணிகள். அதற்கும் கீழே ஃபுளோரிடா, அரிசோனா, டொமினிக்கன் குடியரசு ஆகிய இடங்களில் ஆரம்ப நிலை லீக்குகள் இருக்கின்றன.

முதல் படி: வயதையும் மட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள்

டபுள்-ஏ மட்டத்தில் ஆடுபவர்கள் பெரும்பாலும் 23, 24 வயதுக்காரர்கள். அங்கே 20 வயதுப் பையன் ஒருவன் சுமாராக ஆடினாலும் அது நல்ல செய்தி. 26 வயதுக்காரர் அங்கே கலக்கினால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும். அவருடைய அனுபவத்துக்கு எதிரே நிற்கும் பேட்டர்கள் ஈடாகாமல் இருக்கலாம்.

டபுள்-ஏதான் உண்மையான வடிகட்டி என்பது என் கருத்து. சிங்கிள்-ஏ பேட்டர்களில் பலர் தரையில் விழும் கர்வ்பாலுக்கும் (கீழ்நோக்கி வளையும் பந்து) மட்டையைச் சுழற்றுவார்கள். ஒரே ஒரு நல்ல ஸ்லைடரை (வேகமாக வந்து பக்கவாட்டில் விலகும் பந்து) வைத்துக்கொண்டே அங்கே ஒரு சீசனை ஓட்டிவிடலாம். டபுள்-ஏ பேட்டர் அதை விட்டுவிடுவார். அப்போது பிட்சர் ஸ்ட்ரைக் எறிந்தே ஆக வேண்டும். ஸ்ட்ரைக் பகுதிக்குள் வரும் பந்து தரமானதா என்பது அங்கேதான் தெரியும்.

வயது விஷயத்தில் விதிவிலக்குகளை மறக்கக் கூடாது. ஜேக்கப் டிக்ரோம் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது ஃபீல்டராக இருந்தவர். 2010 டிராஃப்டில் ஒன்பதாவது சுற்றில் நியூயார்க் மெட்ஸ் அவரைப் பிட்சராக எடுத்தது. அதே ஆண்டு முழங்கை அறுவை சிகிச்சை. மேஜர் லீகில் கால் வைத்தபோது வயது 25. அந்த ஆண்டே சிறந்த புதுமுக வீரர், 2018-லும் 2019-லும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. ஒரு பிட்சர் வயதுக்குப் பின்தங்கியிருந்தால் ஏன் பின்தங்கினார் என்று தேடுங்கள். காயமா, தாமதமாகப் பிட்சர் ஆனவரா, அல்லது ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு இரண்டு ஆண்டு தேங்கி நின்றவரா? மூன்றுக்கும் மதிப்பு வேறு வேறு.

இரண்டாம் படி: இ.ஆர்.ஏ.வைக் கடைசியில் பாருங்கள்

ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன் போக, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்று சொல்லும் எண்தான் இ.ஆர்.ஏ. எல்லோரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் மைனர் லீகில் அதில் கலப்படம் அதிகம். பின்னால் நிற்கும் ஃபீல்டர்களும் கற்றுக்கொண்டிருப்பவர்களே. மைதானத்துக்கு மைதானம் நிலைமையும் மாறும். ட்ரிபிள்-ஏயின் பசிபிக் கோஸ்ட் லீகில் ஆல்புகர்க்கி மைதானம் கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. அடித்த பந்து தூரமாகப் போகும், எறிந்த பந்து வளைய மறுக்கும். அங்கே 5.00 இ.ஆர்.ஏ. வைத்திருப்பவரைப் பார்த்து உடனே உதட்டைப் பிதுக்கிவிட வேண்டாம்.

2001-இல் வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் ஒரு வாதத்தை முன்வைத்தார். மைதானத்துக்குள் அடிக்கப்பட்ட பந்து ஹிட்டாக (பேட்டர் பேஸைப் பிடிக்கும் அடியாக) மாறுமா, அவுட்டாக மாறுமா என்பதில் பிட்சருக்கு உள்ள கட்டுப்பாடு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்றார். அப்போது பலர் எதிர்த்தார்கள். சில திருத்தங்களோடு இன்று அது பொதுவாக ஏற்கப்பட்டுவிட்டது. ஆகவே பிட்சர் கையில் நேரடியாக இருப்பவற்றை முதலில் எடுங்கள்: ஸ்ட்ரைக்அவுட், வாக், ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி).

ஸ்ட்ரைக்அவுட்டை ஒன்பது இன்னிங்ஸுக்கு இத்தனை என்று பார்க்காமல், எதிர்கொண்ட பேட்டர்களில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். நிறைய வாக்கும் ஹிட்டும் கொடுப்பவர் ஒரு இன்னிங்ஸில் அதிக பேட்டர்களைச் சந்திப்பதால், இன்னிங்ஸ் கணக்கில் அவருடைய ஸ்ட்ரைக்அவுட் பெரிதாகத் தெரியும். சதவீதத்தில் அந்தப் பூச்சு போய்விடும். அளவுகோலுக்கு மேஜர் லீக் சராசரியை நினைவில் வையுங்கள்: ஸ்ட்ரைக்அவுட் சுமார் 22 சதவீதம், வாக் 8 சதவீதத்தை ஒட்டி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 14. மைனர் லீகில் இந்த வித்தியாசம் 20-ஐத் தாண்டினால் நிமிர்ந்து உட்காருங்கள். மேலே போகப் போக இந்த எண் பொதுவாகச் சுருங்கும் என்பதால் சுருங்குவதற்கு இடம் வைத்திருப்பவர்தான் வேண்டும்.

டாரிக் ஸ்கூபல் நல்ல எடுத்துக்காட்டு. சியாட்டில் பல்கலைக்கழகத்தில் படித்தபோதே முழங்கை அறுவை சிகிச்சை, 2018-இல் ஒன்பதாவது சுற்றுத் தேர்வு. யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2019-இல் டபுள்-ஏ ஈரி அணிக்கு வந்து 42⅓ இன்னிங்ஸில் 82 ஸ்ட்ரைக்அவுட். கொஞ்ச இன்னிங்ஸ்தான், ஆனாலும் அந்த அளவை அதிர்ஷ்டம் தர முடியாது. ஸ்ட்ரைக்அவுட் விகிதம் சீக்கிரமே நிலைபெறும். வாக் விகிதத்துக்கு இன்னும் கொஞ்சம் காலம் வேண்டும். ஹிட் விகிதத்தை நம்ப ஒரு முழு சீசன்கூடப் போதாது. ஸ்கூபல் 2024-லும் 2025-லும் சை யங் விருது வாங்கினார்.

எண்களைப் படிக்கும்போது அந்த ஆண்டு அந்த லீகில் என்ன சோதனை நடந்தது என்றும் கேளுங்கள். 2023-இன் முதல் பாதியில் டபுள்-ஏ சதர்ன் லீகில் மட்டும் பிடிமானம் கூட்டப்பட்ட பந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே ஸ்ட்ரைக்அவுட் கூடியது. ஜூலைக்குள் அந்தப் பந்தைக் கைவிட்டார்கள். அந்த மூன்று மாத எண்களைத் தனியாகப் பிரித்துத்தான் படிக்க வேண்டும். அதே ஆண்டு முதல் 2024-இன் நடுப்பகுதி வரை ட்ரிபிள்-ஏ ஆட்டங்களில் ஏறக்குறைய பாதியில் ஒவ்வொரு பந்தும் ஸ்ட்ரைக்கா பாலா என்று கணினியே தீர்ப்பளித்தது. அதனால் அங்கே வாக் கூடியது. அப்போது அந்த மட்டத்தில் மட்டும் ஒருவருடைய வாக் திடீரென ஏறியிருந்தால், அதில் ஒரு பங்கு அவருடையது அல்ல.

மூன்றாம் படி: பந்துகளை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஸ்கவுட்கள் (அணிகளுக்காக வீரர்களைத் தேடி எடைபோடுபவர்கள்) 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி, 60 நன்று, 70 அபாரம், 80 தலைமுறைக்குச் சிலரே. ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு மதிப்பெண்: இன்று எவ்வளவு, நாளை எவ்வளவு ஆகலாம். நீங்களும் அப்படியே எழுதிப் பழகுங்கள்.

ஃபாஸ்ட்பாலிலிருந்து தொடங்குங்கள். மேஜர் லீகில் ஃபோர்-சீம் ஃபாஸ்ட்பாலின் (பின்சுழற்சியோடு நேராக வரும் வகை) சராசரி வேகம் இப்போது மணிக்கு சுமார் 94 மைல், அதாவது 151 கிலோமீட்டர். இது ஆண்டுக்கு ஆண்டு ஏறி வந்திருக்கிறது. ஆகவே 92 மைலில் எறியும் ரைட்ஹேண்டர் இன்று சராசரிக்குக் கீழே. அவரிடம் வேறு ஏதாவது விசேஷம் இருக்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் அவர் தொட்ட உச்ச வேகத்தைச் செய்தியில் போடுவார்கள், அதை ஒதுக்குங்கள். முதல் இன்னிங்ஸில் என்ன, ஐந்தாவது இன்னிங்ஸில் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். 97-இல் தொடங்கி 92-க்கு இறங்குபவரையும் 95-லேயே நிற்பவரையும் ஒன்றாக வைக்க முடியாது.

அடுத்தது பந்தின் அசைவு. பின்சுழற்சியோடு வரும் ஃபாஸ்ட்பால், சுழற்சியே இல்லாத பந்தைவிடக் குறைவாக விழும். அந்த வித்தியாசத்தை அங்குலத்தில் அளக்கிறார்கள். சராசரி சுமார் 16 அங்குலம். 18-க்கு மேல் போனால் பேட்டர் பந்துக்கு அடியில் சுழற்றிக் கோட்டைவிடுவார். ஆனால் எந்த உயரத்திலிருந்து கை பந்தை விடுகிறது என்பதோடு சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். உயரமான பிட்சர் தலைக்கு மேலிருந்து விடும் பந்தில் 18 அங்குலம் இருந்தால் பேட்டர் அதை எதிர்பார்த்திருப்பார். தாழ்வான இடத்திலிருந்து வரும் பந்தில் அதே 18 இருந்தால் கண் ஏமாறும். அட்லாண்டாவின் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் பிட்சர்களில் உயரமானவர் அல்ல. தாழ்வாக விட்டு, நன்றாக முன்னுக்குப் பாய்ந்து எறிவார். ஏறக்குறைய ஃபாஸ்ட்பால், ஸ்லைடர் இரண்டை மட்டுமே வைத்து 2023-இல் 281 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார், மேஜர் லீகிலேயே அதிகம்.

எல்லா வேகமான ஃபாஸ்ட்பாலும் நல்ல ஃபாஸ்ட்பால் அல்ல. கையின் கோணத்தைப் பார்த்தே பேட்டர் ஊகிக்கிற பாதையில் அப்படியே வரும் 97 மைல் பந்து மைனர் லீகில் தப்பிக்கும், மேலே அடி வாங்கும். இந்த இடத்தில் குமார் ராக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய அம்மா லலிதா அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்களின் மகள், அப்பா டிரேசி ராக்கர் பெயர்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர். 2019-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காக டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்டும் கொடுக்காமல் 19 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தபோதே நாடு முழுக்கத் தெரிந்துவிட்டார். 2021-இல் மெட்ஸ் பத்தாவது ஆளாக எடுத்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் போடவில்லை. மறு ஆண்டு டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023-இல் முழங்கை அறுவை சிகிச்சை. திரும்பி வந்த 2024-இல் மைனர் லீகில் 36⅔ இன்னிங்ஸ், 55 ஸ்ட்ரைக்அவுட், 5 வாக். செப்டம்பரில் மேஜர் லீக்.

எண்ணை மட்டும் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம். அவருடைய ஸ்லைடர் எந்த மட்டத்திலும் அவுட் எடுக்கக்கூடியது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஃபாஸ்ட்பால் அதன் வேகத்துக்கு ஏற்ற அளவு பேட்டரை ஏமாற்றுமா என்ற கேள்வி முன்பே இருந்தது. 2025-இல் அவருடைய இ.ஆர்.ஏ. 5-ஐத் தாண்டியது, நடுவில் மைனருக்கும் அனுப்பினார்கள். அவர் கதை முடிந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. அந்த ஸ்லைடர் உள்ளவரை வாய்ப்பு உண்டு. ஆனால் 55-க்கு 5 என்ற எண்ணைப் பிரித்து, எந்தப் பந்து எத்தனை அவுட்டைத் தந்தது என்று கேட்டிருந்தால் இந்தத் தடுமாற்றம் அவ்வளவு ஆச்சரியம் தராது.

வளையும் பந்துகளில் பேட்டர் சுழற்றித் தவறவிடும் விகிதத்தைப் பாருங்கள். அந்தத் தவறல் ஸ்ட்ரைக் பகுதிக்குள் நடக்கிறதா, வெளியே நடக்கிறதா என்பது இன்னும் முக்கியம். வெளியே மட்டும் என்றால் முன்னே சொன்ன டபுள்-ஏ வடிகட்டி காத்திருக்கிறது.

சேஞ்ச்அப் கிரிக்கெட்டின் ஸ்லோ பால் போல. கை அசைவு ஃபாஸ்ட்பாலுக்கு உரியது, வேகம் 8, 10 மைல் குறைவு. எதிர்க்கை பேட்டர்களைச் சமாளிக்க இதுதான் வழக்கமான ஆயுதம். ரைட்ஹேண்ட் பிட்சர் என்றால் லெஃப்ட்ஹேண்ட் பேட்டர்களுக்கு எதிரான எண்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் மேலே எதிரணி லெஃப்ட்ஹேண்டர்களை வரிசையாக நிறுத்திவிடும்.

இதிலும் ஒரு எச்சரிக்கை. 2002-இல் மினசோட்டா அணி ஜோஹான் சந்தானாவை ட்ரிபிள்-ஏ எட்மன்டனுக்கு அனுப்பியது. ஒவ்வொரு பேட்டருக்கும் குறைந்தது ஒரு சேஞ்ச்அப்பாவது எறிய வேண்டும் என்று அங்கே பயிற்சியாளர் கட்டளை போட்டார். ரன் போனாலும் பரவாயில்லை. அந்தப் பந்துதான் பிறகு 2004, 2006 சை யங் விருதுகளுக்கு அடிப்படை. மைனர் லீகில் வெற்றி இரண்டாம் பட்சம். ஒருவர் திடீரெனச் சொதப்பினால் புதிதாக ஏதாவது பழகுகிறாரா என்று அந்த ஊர்ச் செய்தியாளர்கள் எழுதுவதைத் தேடிப் படியுங்கள்.

நான்காம் படி: ஆட்டத்தைக் கண்ணால் பாருங்கள்

மைனர் லீக் ஆட்டங்களில் பெரும்பாலானவை இணையத்தில் ஒளிபரப்பாகின்றன. அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கோடையில் நமக்கு விடியற்காலை 4.30. ட்ரிபிள்-ஏ, ஃபுளோரிடா ஸ்டேட் லீக் ஆகியவற்றின் பந்துவாரி அளவீடுகள் பேஸ்பால் சேவன்ட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பார்க்கும்போது, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையைப் பாருங்கள். அவர் எங்கே காட்டினார், பந்து எங்கே வந்தது? ஸ்ட்ரைக் எறிவது ஒரு திறமை, கேட்ட இடத்தில் எறிவது வேறு திறமை. உள் மூலையில் கேட்டு வெளி மூலையில் விழுந்த பந்தும் கணக்கில் ஸ்ட்ரைக்தான். கையுறை குறுக்கே ஓடிக்கொண்டே இருந்தால் வாக் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன். மேஜர் லீக் பேட்டர் நடுவே வந்த பிழையை வேலிக்கு வெளியே அனுப்பிவிடுவார்.

பிறகு, ஒவ்வொரு பந்தையும் ஒரே மாதிரி எறிகிறாரா என்று கவனியுங்கள். முன்கால் ஒரே இடத்தில் இறங்குகிறதா? ஸ்லைடர் எறியும்போது கை மெதுவாகிறதா? பேஸில் ஆள் நிற்கும்போது அசைவைச் சுருக்க வேண்டும், அப்போது வேகமும் துல்லியமும் குறைகின்றனவா? இரண்டாவது, மூன்றாவது முறையாக அதே பேட்டரைச் சந்திக்கும்போது பந்து வரிசையை மாற்றுகிறாரா? எண்களைவிடக் கண் சிறப்பாக வேலை செய்யும் இடம் இது. ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், இரண்டு மூன்றாவது பாருங்கள்.

கட்டுப்பாடு இல்லாதவரைக் கைவிடவும் அவசரப்படக் கூடாது. ராண்டி ஜான்சன் 1987-இல் டபுள்-ஏ ஜாக்சன்வில்லில் 140 இன்னிங்ஸில் 128 வாக் கொடுத்தவர். பிறகு ஐந்து சை யங் விருது. மிக உயரமானவர்களுக்கு நீண்ட கை கால்களை ஒழுங்குக்குக் கொண்டுவர வழக்கத்தைவிட அதிகக் காலம் பிடிக்கும். ஆனால் ராண்டி ஜான்சன்கள் அரிது. வாக் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சமாவது இறங்குகிறதா என்பதுதான் நம்பிக்கைக்கு ஆதாரம்.

ஐந்தாம் படி: உடம்பு

முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சையை டாக்டர் ஃபிராங்க் ஜோப் 1974-இல் டாமி ஜானுக்கு முதன்முதலாகச் செய்தார். இன்று அது பிட்சர்களின் வாழ்க்கையில் ஏறக்குறைய வழக்கமான அத்தியாயம். திரும்பி வர 12 முதல் 18 மாதம். முதல் சிகிச்சையிலிருந்து மீண்டவரை நான் ஒதுக்க மாட்டேன், மேலே சொன்ன பலரும் அப்படி வந்தவர்களே. தோள்பட்டைக் காயம் என்றால் எனக்குப் பயம் அதிகம், அதற்கு இவ்வளவு உறுதியான மீட்பு வழி இல்லை. இரண்டாவது முறை முழங்கையைத் திறந்தவர் என்றால் மதிப்பீட்டில் கணிசமாகக் குறையுங்கள். காயம் பற்றிய செய்தி வராமலே ஒருவருடைய வேகம் இரண்டு மைல் இறங்கியிருந்தால் அதையும் குறித்து வையுங்கள்.

ஆறாம் படி: என்ன வேலைக்கு?

மூன்று நல்ல பந்து, சராசரியாவது கட்டுப்பாடு, ஐந்தாறு இன்னிங்ஸ் தாங்கும் உடம்பு மூன்றும் இருந்தால் ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர். இரண்டு அபாரமான பந்து மட்டும் இருந்தால் ரிலீவர், அதாவது நடுவில் வந்து கொஞ்ச நேரம் எறிபவர். ரிலீவருக்கு மதிப்பு குறைவு என்றாலும் அது தோல்வி அல்ல. ஒரே இன்னிங்ஸ் என்றால் முழு பலத்தையும் போடலாம், பெரும்பாலும் வேகமும் ஒன்றிரண்டு மைல் கூடும். ஜோஷ் ஹேடர் மைனரில் ஸ்டார்ட்டர். மேசன் மில்லரும் 2023-இல் ஓக்லண்டுக்கு ஸ்டார்ட்டராகவே வந்தார். காயத்துக்குப் பிறகு ரிலீவராக்கினார்கள், 2024-இல் சராசரியே 100 மைலைத் தாண்டியது. அதனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: எல்லாம் கூடிவந்தால் என்ன ஆவார், பாதி கூடிவந்தால் என்ன ஆவார்.

ஏழாம் படி: அணியின் கணக்கு

திறமை இருந்தும் வாய்ப்பு வராமல் போவதுண்டு. ஒவ்வொரு அணிக்கும் 40 பேர் கொண்ட பட்டியல் உண்டு. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து சீசனுக்குள்ளும், 19 வயதிலோ அதற்குப் பிறகோ ஒப்பந்தமானவரை நான்கு சீசனுக்குள்ளும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். சந்தானாவை ஹூஸ்டன் 1999-இல் இழந்தது இப்படித்தான். பட்டியலில் சேர்ந்த வீரரை மைனருக்கும் மேஜருக்கும் மாறி மாறி அனுப்ப, வழக்கமாக மூன்று ஆண்டுகள் அனுமதி. அந்த மூன்றும் தீர்ந்த 26 வயதுப் பிட்சரை அணி வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது வேறு அணிகள் கேட்கும்படி வெளியே விட வேண்டும். நவம்பரில் யாரைப் பட்டியலில் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். அணி தன் பிட்சரைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி வெளியே கிடைக்காது.

சரி, இவ்வளவையும் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். வயது, மட்டம், இரண்டு சதவீதங்கள், ஒவ்வொரு பந்துக்கும் இன்றைய மதிப்பெண்ணும் நாளைய மதிப்பெண்ணும், கட்டுப்பாடு, காயம், இரண்டு வரி எதிர்காலம். கடைசியில், எது நடந்தால் இந்தக் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று ஒரு வாக்கியம் சேருங்கள். ‘சேஞ்ச்அப்பை 15 சதவீதம் எறியத் தொடங்கினால் ஸ்டார்ட்டர் என்று உயர்த்துவேன்’ என்பது போலத் திட்டமாக இருக்கட்டும். தேதி போட்டு வையுங்கள். அடுத்த ஏப்ரலில் சீசன் தொடங்கும்போது அந்தப் பக்கத்தை எடுத்து, அவருடைய முதல் மூன்று ஆட்டங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.